கடை திறக்கும் முன் ஜெராக்ஸ் கடைக்குப் போங்க!

ராத்திரி 11 மணிக்கு போனைத் தள்ளிக்கொண்டே இருக்கும்போது அந்த ரீல் உங்களுக்கும் வந்திருக்கும். ‘ஒரே ஒரு தடவை டிசைன் பண்ணுங்க, காலம் முழுக்க பணம் வரும்!’

பிளானர், பட்ஜெட் ஷீட், குழந்தைகளுக்கான ஒர்க்‌ஷீட், பிறந்தநாள் அழைப்பிதழ் என எதையாவது கம்ப்யூட்டரில் வடிவமைத்து, பிடிஎஃப் ஆக்கி ஆன்லைனில் விற்பனைக்கு வைக்க வேண்டியது. வாங்குபவர் டவுன்லோடு செய்து அவரே பிரின்ட் எடுத்துக்கொள்வார். ஸ்டாக் வேண்டாம், குடோன் வேண்டாம், கூரியர் வேண்டாம். இதைத்தான் ‘பிரின்டபிள்ஸ்’ தொழில் என்கிறார்கள்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ரீலுக்கு 30 விநாடிதான் நேரம். அதற்குள் அடங்காத விஷயங்கள் நிறைய இருக்கு.

சித்தி மகள் ஒருநாள் போன் செய்தாள். சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருக்கிறாள். “அண்ணா, 62 டிசைன் ரெடி பண்ணிட்டேன். ஒரு கோர்ஸ் இருக்கு, 18 ஆயிரம். அதைக் கட்டிட்டு கடையைத் திறந்துடலாம்னு இருக்கேன். ஆறு மாசத்துல வேலையை விட்டுடலாம்ல?”

எனக்குத் தோன்றிய ஒரே கேள்வியைக் கேட்டேன். “அந்த 62-ல ஒண்ணையாவது பிரின்ட் எடுத்துப் பார்த்தியா?”

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. எடுக்கவில்லை என்றாள்.

இந்தத் தொழிலுக்குத் தயாராவது என்றால் பலரும் நினைப்பது டிசைன் கற்பது, லோகோ போடுவது, கடைக்குப் பெயர் வைப்பது. என் கருத்து வேறு. உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் உங்கள் தாளைப் பணம் கொடுத்து வாங்கி, பிரின்ட் எடுத்து, உண்மையிலேயே பயன்படுத்துகிறாரா என்று பார்ப்பதுதான் தயாரிப்பு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஜெராக்ஸ் கடையில் என்ன நடந்தது?

அடுத்த சனிக்கிழமை அவள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். எடுத்துப் போனது 12 பக்க தமிழ் எழுத்துப் பயிற்சித் தாள். நாலு பாடம் கற்றுக்கொண்டு வந்தாள்.

முதல் பாடம், எழுத்து உடைந்தது. அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பியது வேர்டு ஃபைல். அவள் பயன்படுத்திய எழுத்துரு கடைக் கம்ப்யூட்டரில் இல்லை. வேறொரு எழுத்துருவில் திறந்ததும் வரிகள் நகர்ந்து, கட்டத்துக்குள் இருந்த எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. எழுத்துருவை உள்ளேயே பதித்த பிடிஎஃப் ஆகத்தான் கொடுக்க வேண்டும் என்பது அன்றுதான் உறைத்தது.

இரண்டாவது, கலர். திரையில் அழகாக இருந்த அடர் ஊதாப் பின்னணி, கறுப்பு வெள்ளையில் வெறும் கரியாக வந்தது. நம்ம ஊரில் பெரும்பாலானவர்கள் எடுப்பது கறுப்பு வெள்ளை பிரின்ட்தான். வீட்டில் பிரின்டர் வைத்திருப்பவரும் மை தீருவதை நினைத்துக் கணக்குப் பார்ப்பார்.

மூன்றாவது, ஓரம். சாதாரண பிரின்டர்கள் தாளின் விளிம்பு வரை அச்சிடாது. சுற்றிலும் ஒரு சென்டிமீட்டராவது இடம் விடவில்லை என்றால் பார்டர் வெட்டுப்படும்.

நான்காவதுதான் பெரிய பாடம். அவள் வைத்திருந்த விலை 49 ரூபாய். அந்தக் கடையில் ஒரு கலர் பிரின்ட் 10 ரூபாய். 12 பக்கத்துக்கு 120 ரூபாய். ஆக, வாங்குபவருக்கு ஆகும் செலவு 49 இல்லை, 169 ரூபாய். அந்தக் காசுக்கு ஸ்டேஷனரி கடையில் பைண்டிங் செய்த பயிற்சிப் புத்தகமே கிடைக்கும்போது, உங்கள் பிடிஎஃபை ஏன் வாங்க வேண்டும்?

யாருக்காகச் செய்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் 62 டிசைன் இருந்தும் பயனில்லை. ‘எல்லாருக்கும் பயன்படும் பிளானர்’ பல லட்சம் ஏற்கெனவே இணையத்தில் கிடக்கிறது. இலவசமாகவும் கிடைக்கிறது. ஏஐ வந்த பிறகு அந்தக் கூட்டம் இன்னும் பெருகிவிட்டது. அங்கே போய் 63-வது பிளானரை வைத்தால் யார் கண்ணிலும் படாது.

கடையில் கிடைக்காத, ஒருவருக்கு இப்போதே தேவைப்படுகிற தாள் எது என்று யோசியுங்கள். ஒரு டியூஷன் டீச்சருக்கு ‘ண, ன, ந’ மூன்றையும் குழப்பும் பிள்ளைகளுக்கு மட்டும் பயிற்சித் தாள் தேவைப்படலாம். கொலு வைக்கும் வீட்டில் ஒன்பது நாளுக்கும் சுண்டல், விருந்தாளி, தாம்பூலப் பை கணக்கை ஒரே தாளில் பார்க்க ஆசைப்படலாம். கல்யாண வீட்டில் யார் யாருக்குப் பத்திரிகை நேரில் கொடுத்தாச்சு, யாருக்கு போனில் சொல்லியாச்சு என்ற பட்டியல் வேண்டியிருக்கும். இப்படி நீங்கள் பார்த்துப் பழகிய ஒரு வீட்டின் தேவை உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கும் டிசைனருக்குத் தெரியாது. ஏஐ டூலுக்கும் தெரியாது. படத்துக்குள் தமிழ் எழுதச் சொன்னால் அது அடிக்கடி எழுத்தையே கோட்டை விடுகிறது.

வெளிநாட்டில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் உண்மையான வாடிக்கையாளர்கள். ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கு. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் புழங்குவது ஏ4 தாள்; 210-க்கு 297 மில்லிமீட்டர். அமெரிக்காவிலும் கனடாவிலும் ‘லெட்டர்’ தாள். சுமார் 216-க்கு 279 மில்லிமீட்டர். உயரத்தில் 18 மில்லிமீட்டர் குறைவு. ஏ4 ஃபைலை டொராண்டோவில் அப்படியே பிரின்ட் எடுத்தால் கீழ்வரி வெட்டுப்படும், அல்லது எல்லாம் சுருங்கும். இரண்டு அளவிலும் ஃபைல் கொடுப்பது பெரிய வேலை இல்லை. கொடுக்காவிட்டால் வருவது ஒரு ஸ்டார் ரிவ்யூ.

எழுத்து யாருடையது? படம் யாருடையது?

இங்கேதான் நிறைய பேர் கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிறார்கள்.

சோட்டா பீம், டோரேமான் படம் போட்ட பிறந்தநாள் அழைப்பிதழ் நன்றாக விற்கும். ஆனால் அந்தக் கதாபாத்திரங்கள் உங்களுடையவை அல்ல. அனுமதியில்லாமல் விற்பது காப்புரிமை மீறல். சினிமாப் பாட்டு வரியைப் போஸ்டராக்கி விற்பதும் அப்படித்தான். இந்தியாவில் 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரின் வாழ்நாளும் அதன் பிறகு 60 ஆண்டுகளும் அந்தப் படைப்புக்குப் பாதுகாப்பு உண்டு. திருக்குறளைப் போடலாம், தடையில்லை. ஆனால் அதற்குச் சமீபத்தில் ஒருவர் எழுதிய உரையை அப்படியே எடுத்துப் போட முடியாது.

கேன்வா போன்ற தளங்களில் டிசைன் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே இருக்கும் ஒரு படத்தை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே எடுத்து விற்க அனுமதி கிடையாது. பல கூறுகளைச் சேர்த்து உங்கள் சொந்த வடிவமைப்பாக்கினால்தான் அது உங்கள் பொருள். காசு கட்டி புரோ கணக்கு வைத்திருந்தாலும் இதே கதைதான்.

எழுத்துருவில் மட்டும் நல்ல செய்தி இருக்கு. கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர், பாலு தம்பி, மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் வருபவை. விற்பனைக்குச் செய்யும் ஃபைலிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். எங்கிருந்தோ வாட்ஸ்அப்பில் வந்த எழுத்துரு என்றால், அதன் உரிமம் தெரியாமல் தொடாதீர்கள்.

கைக்கு எவ்வளவு வரும்?

எட்ஸியை எடுத்துக்கொள்வோம். 2005-ல் நியூயார்க்கில் தொடங்கிய, இந்த வகைப் பொருள்களுக்குப் பெயர்போன சந்தை அது. ஒரு பொருளைப் பட்டியலிட 20 சென்ட். அது நாலு மாதம் இருக்கும். ஒவ்வொரு விற்பனைக்குப் பிறகும் பட்டியல் புதுப்பிக்கப்பட மறுபடி 20 சென்ட். விற்ற தொகையில் 6.5 சதவீதம் கமிஷன். 3 டாலருக்கு விற்றால் இந்த இரண்டுக்கே சுமார் 40 சென்ட் போய்விடும். பணம் செலுத்தும் சேவைக் கட்டணமும், டாலரை ரூபாயாக்கும் செலவும் தனி. விளம்பரம் கொடுத்தால் அதுவும் தனி.

உள்ளூரில் விற்றால்? பேமென்ட் கேட்வேக்கள் பொதுவாக 2 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் எடுக்கும். 99 ரூபாயில் இரண்டே கால் ரூபாய் அளவுக்குத்தான் குறையும். முதல் பத்து பேருக்கு இதுவும் தேவையில்லை. யுபிஐ-யில் பணம் வாங்கி, மெயிலில் ஃபைலை அனுப்பினால் போதும். சிரமம்தான். ஆனால் யார் வாங்குகிறார், என்ன கேட்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்று நேரடியாகத் தெரியும்.

ஒரு விஷயத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஒருவர் வாங்கிய ஃபைல் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும். முழுவதும் தடுக்க முடியாது. ‘தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைப் பெயரோடு போடுங்கள். ஃபார்வர்டு ஆனாலும் உங்கள் பெயரும் சேர்ந்து போகும். டீச்சர்களுக்கு ‘வகுப்பு முழுக்கப் பயன்படுத்தலாம்’ என்று கொஞ்சம் கூடுதல் விலையில் தனி உரிமம் வைக்கலாம்.

‘டிஜிட்டல் பொருள், பணம் திரும்பத் தரப்படாது’ என்று எழுதிவிட்டால் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும். ரீஃபண்ட் விதிகளை வாங்கும் முன்பே தெளிவாகச் சொல்ல வேண்டும், புகாருக்குப் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். தபாலில் எதுவும் வராது, ஃபைல் மட்டுமே என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். பாதிப் புகார் அதிலேயே குறையும்.

வரியும் வேலையும்

சேவை வழங்குபவரின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. அதனால் தொடக்கத்தில் அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் வருமான வரி வேறு. சம்பளத்தோடு இந்த வருமானத்தையும், ஆயிரம் ரூபாயாக இருந்தாலும், கணக்கில் காட்ட வேண்டும். இதற்கெனத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டால் மார்ச் மாதம் தலைவலி இருக்காது. டாலரில் பணம் வரத் தொடங்கினால் ஒருமுறை ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

வேலையில் இருப்பவர்கள் முதலில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். 2022-ல் ‘மூன்லைட்டிங்’ விவகாரத்தில் 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி சொன்னது நினைவிருக்கலாம். அவர்கள் போட்டி நிறுவனங்களுக்கு வேலை பார்த்தவர்கள் என்று சொல்லப்பட்டது. ஒர்க்‌ஷீட் விற்பது அப்படி அல்ல. இருந்தாலும் பக்கத் தொழிலுக்கு எழுத்துப்பூர்வ அனுமதி கேட்கும் நிறுவனங்கள் உண்டு. எது எப்படியோ, ஆபீஸ் லேப்டாப்பில், ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் சாஃப்ட்வேரில் டிசைன் செய்யாதீர்கள்.

கோர்ஸ் வேண்டாமா? வேலையை விடலாமா?

‘இப்படிப் பயமுறுத்தினால் யார் தொழில் தொடங்குவார்கள்?’ என்று கேட்கலாம். நான் தொடங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சோதித்துப் பார்க்க 18 ஆயிரம் தேவையில்லை, 200 ரூபாயும் நாலு சனிக்கிழமையும் போதும் என்கிறேன்.

முதல் சனிக்கிழமை, யாருக்காக என்று முடிவு செய்து அப்படிப்பட்ட மூன்று பேரிடம் பேசுங்கள். இரண்டாவது வாரம், ஒரே ஒரு தாளைச் செய்து கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்து அவர்களிடம் கொடுங்கள். மூன்றாவது வாரம், அவர்கள் அதில் என்ன கிறுக்கியிருக்கிறார்கள், எதைக் காலியாக விட்டிருக்கிறார்கள் என்று பார்த்துத் திருத்துங்கள். நான்காவது வாரம், தெரியாத பத்து பேரிடம் விலை சொல்லிப் பாருங்கள். மூன்று பேராவது காசு கொடுத்தால் கடை திறங்கள். யாரும் கொடுக்கவில்லை என்றால் வேறு தாளை யோசியுங்கள். நஷ்டம் 200 ரூபாய்தான்.

கோர்ஸ் சில பேருக்குப் பயன்படலாம். ஆனால் கற்றுக்கொடுப்பவர் பிரின்டபிள்ஸ் விற்று சம்பாதித்தாரா, கோர்ஸ் விற்று சம்பாதித்தாரா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ‘தூங்கும்போதும் பணம்’ என்பதிலும் பாதிதான் உண்மை. ஃபைல் ஓப்பன் ஆகவில்லை என்று ராத்திரி வரும் மெசேஜுக்கு விழித்திருந்து பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

சித்தி மகள் கோர்ஸில் சேரவில்லை. 62 டிசைனில் 61-ஐ ஓரம் கட்டிவிட்டு, அந்த எழுத்துப் பயிற்சித் தாளை மட்டும் வைத்துக்கொண்டாள். ஊதாப் பின்னணி போனது. 12 பக்கம் ஏழாகக் குறைந்தது. பக்கத்துத் தெரு டியூஷன் டீச்சர் சொன்னதைக் கேட்டு, எழுத்துக் கட்டத்தைப் பெரிதாக்கினாள். இப்போதும் வேலைக்குப் போகிறாள். மாசத்துக்கு அதிலிருந்து வருவது போன் ரீசார்ஜுக்கும் நெட் பில்லுக்கும் சரியாக இருக்காம்.

“வேலையை எப்போ விடப்போறே?” என்று போன வாரம் கேட்டேன்.

“ஒரு வருஷம் வரவைப் பார்க்கிறேன் அண்ணா. அப்புறம் சொல்றேன்” என்றாள்.