கூப்பிடாமல் நுழைந்த வீடு



சுயதொழில் கடன் பற்றி இந்த இதழில் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பதுளைக்குப் போய்வந்த நாளிலிருந்து ஒரு விடயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதை இறக்கிவைக்காமல் வேறொன்றை எழுதக் கை வரவில்லை.

நான் போனது அம்மாவின் பிறப்புப் பதிவைத் தேடி. தர்மபுரத்தில் நாங்கள் இருக்கும் காணியின் அனுமதிப்பத்திரம் அம்மாவின் பெயரில் இருக்கிறது. அம்மா இறந்துவிட்டார். பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதுமையில்லை, எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி ஒரு பெயர். மூத்த பிள்ளை அண்ணா. 2009 ஏப்ரலுக்குப் பிறகு அவர் எங்கே என்று தெரியாது. மரணச் சான்றிதழ் எடுக்க அண்ணிக்கும் மனமில்லை, எனக்கும் மனமில்லை. காணாமற்போனவர்களுக்கு வேறு ஒரு சான்றிதழ் கொடுக்கலாம் என்று 2016இல் சட்டம் வந்தது, அதை எடுத்து வைத்திருக்கிறோம். காணி அபிவிருத்திச் சட்டத்தில் பின்னுரித்து நியமிக்காமல் ஒருவர் இறந்தால் ஆண்பிள்ளைக்கே முதலிடம், அதிலும் மூத்தவருக்கு என்றுதான் பல காலம் இருந்தது. 2022இல்தான் அதைத் திருத்தி மகனையும் மகளையும் சமமாக்கினார்கள். இது தெரியாமல் இன்னும் தம்பிமாரின் கையெழுத்துக்குக் காத்திருக்கும் தோழியர் இருந்தால் பிரதேச செயலகத்தில் காணிப் பகுதியில் விசாரியுங்கள். சரி, என் கதைக்கு வருகிறேன்.

நாங்கள் ஊவாக்காரர். நமுனுகுல மலையடிவாரத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். 1977 ஆவணிக் கலவரத்தில் லயத்துக்குள் வந்து அடித்தார்கள். அப்பா எங்களை வவுனியாவுக்குக் கொண்டுவந்தார், பிறகு தர்மபுரம். அப்போது எனக்கு ஒன்பது வயது. அதன் பின்பு இந்தத் தடவைதான் பதுளை மண்ணை மிதித்தேன்.

முதல்நாள் தோட்டத்துக்குப் போனேன். நான் பிறந்த லயத்தைப் பார்க்க வேண்டும் என்றதற்கு, பாதை தொடங்கும் இடத்திலேயே ஒரு வாச்சர் மறித்து, ஆபிசில் சொல்லிவிட்டு வரும்படி சொன்னார். சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் லயம் நிற்கிறது. கூரைத் தகரம்தான் மாறியிருக்கிறது. அந்தக் காம்பராவில் இருக்கும் பெண் தேநீர் தந்தார். அவருடைய பாட்டி காலத்திலிருந்து அதே காம்பரா. ஆனால் ஒரு சுவரைத் தள்ளிக் கட்டுவதென்றாலும் தோட்டத்தைக் கேட்க வேண்டும். நிலம் அரசினுடையது, 1992 முதல் முகாமை கம்பனிகளுடையது, குடியிருப்பவருடையது என்று எதுவும் இல்லை. ஏழு பேர்ச் காணியும் உறுதியும் கொடுத்துச் சில தோட்டங்களில் புதிய வீடுகள் கட்டியிருக்கிறார்கள். அந்த லயத்துக்கு அது இன்னும் வரவில்லை.

மறுநாள் பதுளை நகரம். காரியாலயத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். பதிவு இலக்கம் இல்லாதபடியால் பழைய புத்தகங்களைத் தேட வேண்டும், சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள் என்றார்கள். இரண்டு மணித்தியாலம் இருந்தது. அம்மா சொன்ன வீட்டைத் தேடலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

அம்மாவைப் பத்து வயதில் பதுளை நகரத்தில் ஒரு அப்புக்காத்து வீட்டில் வேலைக்கு விட்டிருந்தார்கள். அந்த நாளில் தோட்டத்தில் பெண்பிள்ளை பிறந்தால் பெரட்டுக்குப் போகும் வயது வரும்வரை டவுனில் ஏதாவது ஒரு வீட்டில் விடுவது சாதாரணம். அந்த வீட்டைப் பற்றி அம்மா அதிகம் சொல்வதில்லை. சொன்னது இவ்வளவுதான்: மேட்டில் இருக்கும், பின்பக்கத்தில் ஒரு துவைகல், துவைகல்லுக்குப் பக்கத்தில் கொய்யா மரம். விழுந்த பழத்தை எடுக்கலாம், மரத்தில் கைவைக்கக் கூடாது.

இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நடந்தேன். கடைவீதியைத் தாண்டி, ஒரு ஒழுங்கையில் மேலே ஏறினேன். எந்த ஒழுங்கை என்று எழுதமாட்டேன், காரணம் பிறகு விளங்கும். ஒரு வளைவில் இரும்புக் கேற் ஒன்று ஒரு பக்கம் சரிந்து திறந்து கிடந்தது. பலகை ஏதும் இல்லை. உள்ளே புல் இடுப்பளவு. அதற்கப்பால் புகைபோக்கி வைத்த பழைய பங்களா, ஓட்டின் மேல் பாசி. வீட்டின் பக்கமாகப் பின்னுக்குப் போகும் ஒரு ஒற்றையடிப் பாதை மட்டும் சுத்தமாக இருந்தது. கூட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தபோதே யாரோ இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போனேன். துவைகல் இருந்தது. கொய்யா மரமும் இருந்தது.

பதுளையில் கொய்யா மரம் இல்லாத பழைய வளவு எத்தனை இருக்கும்? ஆனால் அந்த நேரம் அப்படி யோசிக்கவில்லை. கையெட்டும் கொப்பில் ஒரு பழம் பழுத்திருந்தது. பிடுங்கினேன். அம்மாவுக்காகப் பிடுங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சின்னப் பாப்பாவா?"

திடுக்கிட்டுத் திரும்பினேன். குசினி வாசலில் ஒரு வயதான அம்மா. எழுபத்தைந்துக்கு மேலிருக்கும். சேலையை இழுத்துச் செருகியபடி, வலக்கையில் ஒரு சாவிக்கொத்து. அதைப் பிடித்த கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"இல்லையம்மா, நான் சும்மா பார்க்க வந்தனான்..."

"பாப்பா வருவீங்கன்னு தெரியும். அன்னிக்கு டேப்பு புடிச்சி அளந்தாங்களே, அப்பவே நெனச்சேன். எல்லாம் இருக்குதுங்க. ஒரு கரண்டி கொறயாது. வந்து பாருங்க."

என் கையில் காரியாலயத்துக் கடிதங்கள் வைத்த பைல் இருந்தது. அவருடைய கண் அதன்மேலேயே இருந்தது. நான் யாரென்று சொல்லச் சொல்ல அவர் கதவுகளைத் திறந்துகொண்டே போனார். ஒரு அறையில் மூன்று கட்டில்கள், மெத்தை சுருட்டிக் கயிறு கட்டியபடி. இன்னொன்றில் வெறும் அலுமாரி. சாப்பாட்டு மேசையில் தூசு இல்லை. ஒவ்வொரு அறையிலும் ஒதுங்கி நின்று, நான் எண்ணிப் பார்த்து முடிக்கட்டும் என்பதுபோல் காத்திருந்தார். எனக்கு வியர்த்துவிட்டது. இவர் எங்கே படுக்கிறார் என்று பார்த்தேன். குசினிக்குப் பக்கத்தில் விறகு வைக்கும் அறையில் ஒரு பாய்.

துண்டுதுண்டாகச் சொன்னவற்றைச் சேர்த்து எழுதுகிறேன். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பன்னிரண்டு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவர். வீட்டு ஐயா அப்புக்காத்து இல்லை, ஆஸ்பத்திரியில் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தவர். ஆகவே அம்மா இருந்த வீடு இது இல்லை. 1983 ஆடி 27ஆம் திகதி பதுளையில் தமிழருடைய கடைகளையும் வீடுகளையும் எரித்து, அது ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை என்று பரவியதே, அந்தக் குடும்பம் அப்போது போனதுதான். சாவியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"இங்கயும் வந்தாங்க. நான் சிங்களத்துல சொன்னேன், உள்ள ஆளு இல்ல, நான் வேலக்காரின்னு. சாமான கொஞ்சம் எடுத்துக்கிட்டு போனாங்க. நெருப்பு வைக்கல."

பிறகு கனடாவிலிருந்து பணம் வந்திருக்கிறது. ஐயா இறந்தபின் நின்றுவிட்டது. நின்று இருபது வருடம் ஆகிறதாம். வீட்டு வேலைகளுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார், இப்போது அதற்கும் உடம்பில் பலமில்லை. போன மாதம் இரண்டு பேர் வந்து வளவை அளந்து, படம் எடுத்து, அற்றோணித் தத்துவம் தங்களிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். போக இடம் உண்டா என்று கேட்டேன். தம்பி மகனின் லயத்தில் ஏழு பேர் இருக்கிறார்களாம், சுவர் வெடித்திருக்கிறதாம். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதிலிருந்து, மழை என்றால் அங்கே யாரும் தூங்குவதில்லையாம்.

"அம்மா, நான் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. உண்மையாக. நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான்" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கொய்யாப்பழத்தைப் பார்த்தார்.

"அப்ப ஏன் கூப்புடாம உள்ள வந்தீங்க? வீட்டுக்காரங்கதானே கூப்புடாம வருவாங்க."

தோழியரே, அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

2010இல் மெனிக் பாம் முகாமிலிருந்து தர்மபுரத்துக்குத் திரும்பியபோது, என் சொந்த வீட்டு வாசலில் நின்று "வீட்டில ஆரும் இருக்கிறீங்களோ?" என்று கூப்பிட்டவள் நான். வேறொரு குடும்பம் இருந்தது. அவர்களுக்கும் வீடு இல்லை. அவர்கள் போகும்வரை இரண்டு மாதம் எங்கள் முற்றத்திலேயே தரப்பாள் கட்டி இருந்தோம். உங்களில் பலருக்கு இதைவிட மோசமான அனுபவம் உண்டு. கேப்பாபிலவுப் பெண்கள் 2017இல் முகாம் வாசலில் மழையிலும் வெயிலிலும் இருந்தது தங்கள் காணிக்குள் போவதற்குத்தான். வேலியும் சங்கிலியும் பலகையும் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்படிப்பட்ட நான் ஒரு கேற் சரிந்து கிடந்ததும் உள்ளே போய்ப் பழம் பிடுங்கினேன். ஒரு வயதான பெண் என்னைக் கண்டு நடுங்கினார். என்னைக் கண்டு ஒருவர் பயந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நானும் யோசித்தேன். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் இன்றும் இருக்கிறது. பத்து வருடம் இடையறாமல், இன்னொருவருக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்ளாமல் ஒரு காணியை ஆண்டால் உரிமை கேட்கலாம். ஆனால் வாடகை கொடுத்தாலும், விளைச்சலில் பங்கு கொடுத்தாலும், ஊழியம் செய்தாலும், அது இன்னொருவரின் உரிமையை ஏற்றுக்கொண்டதாகிவிடும். இந்த அம்மாவோ நாற்பது வருடமாக ஐயாவின் வீடு என்று சொல்லியே கூட்டியிருக்கிறார். கட்டில்களில் ஒருநாளும் படுக்கவில்லை. அந்த விசுவாசமே அவருக்கு எதிராக நிற்கும். காவலுக்கு விட்டவர் காவலுக்கு விட்டவர்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது ஞாபகமா? யுத்தத்தினால் தங்கள் காணிக்குப் போக முடியாமலிருந்தவர்களுக்கு எதிராக, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று சொன்ன சட்டம். இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று அதில் இருந்தது. அது வந்தபோது, காணியைப் பிறர் பிடித்துவிட்டார்களே என்று அழுத சகோதரிகளுக்காக இந்தப் பக்கத்திலேயே சந்தோசப்பட்டு எழுதினேன். பிடித்து வைத்திருப்பவர் எல்லோரையும் ஒரே மாதிரி நினைத்துத்தான் எழுதினேன். பதுளை வீட்டுக்காரரும் நம்மைப்போல அடித்து விரட்டப்பட்டவர்கள். அவர்களுடைய வீடு அவர்களுக்கு வேண்டாமா? வேண்டும். அப்படியென்றால் இந்த அம்மா எங்கே போவார்? ஆகக் குறைந்தது, கொடுக்காமல் விட்ட சம்பளத்தையாவது யாரும் கணக்குப் பார்த்தார்களா? வழக்கென்று வந்தால் நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். பாதி வழியில் ஒரு பக்கம், மீதி வழியில் மற்றப் பக்கம்.

சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையில் போய்க் கேளுங்கள், வருமானம் குறைந்தவர்களுக்குப் பணம் இல்லாமல் ஆலோசனை சொல்வார்கள், அவர்கள் கொண்டுவரும் எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்காதீர்கள் என்று அவரிடம் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. தாளை மடித்துச் சாவிக்கொத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் சொன்னதை நம்பினாரோ, வீட்டுக்காரி ஏதோ சோதனை பார்க்கிறாள் என்று நினைத்தாரோ தெரியாது. வெளிக்கிடும்போது கொய்யாப்பழத்தை நீட்டினேன்.

"வேணாம் பாப்பா. நீங்க சாப்புடுங்க" என்றார்.

பின்னேரம் அம்மாவின் பதிவு கிடைத்தது. தாயின் பெயர், தோட்டத்தின் பெயர், எல்லாம் சரி. அம்மாவின் பெயர் மூன்றாவது விதமாக எழுதப்பட்டிருந்தது. அதற்குச் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும்.

அடுத்தநாள் காலை பஸ்ஸுக்கு முன், பாணும் சீனியும் தேயிலையும் ஒரு பையில் வாங்கிக்கொண்டு அந்த ஒழுங்கையில் ஏறினேன். சரிந்து கிடந்த கேற்றை யாரோ நிமிர்த்தி, கம்பி சுற்றிக் கட்டியிருந்தார்கள். இந்தத் தடவை வெளியில் நின்று கூப்பிட்டேன். "அம்மா... அம்மா..." மூன்று நான்கு தரம் கூப்பிட்டேன். குசினிப் பக்கம் புகை வந்துகொண்டிருந்தது. யாரும் வரவில்லை. பையைக் கேற்றில் கொழுவிவிட்டு இறங்கி வந்தேன்.