மருந்தென்று சொல்லி மிட்டாய் விற்கிறார்கள்!

2019ம் வருஷம் செப்டம்பர் 18ந் தேதி மத்திய சர்க்கார் மின் சிகரெட்டைத் தடை செய்வதாக அறிவித்து, அவசரச் சட்டமும் கொண்டுவந்தது. அந்த வருஷக் கடைசியில் பார்லிமெண்டும் அதைச் சட்டமாக்கிற்று. தயாரிக்கக் கூடாது, இறக்குமதி செய்யக் கூடாது, விற்கக் கூடாது, சேமித்து வைக்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது. விற்று முதல் தடவை பிடிபட்டால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் பிடிபட்டால் மூன்று வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். தமிழ்நாட்டில் அதற்கு முந்திய வருஷமே தடை வந்துவிட்டது.

சட்டம் வந்தது, சரக்கு ஒழிந்ததா? இல்லை. 2023ல் மத்திய சுகாதார இலாகா, சட்டத்தை மீறி விற்பவர்கள் மீது ஜனங்கள் புகார் கொடுப்பதற்கென்றே தனி ஏற்பாடு செய்தது. இணையத்தில் விற்று வந்த கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. தடை போட்டு நான்கு வருஷம் கழித்தும் இந்த நிலைமை என்றால், கள்ளச் சரக்கு எவ்வளவு தாராளமாகப் புழங்கியது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மறுபுறத்தில், தடையே தவறு என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். "பீடி, சிகரெட்டைக் காட்டிலும் இது கெடுதல் குறைந்தது. பழக்கத்தை விட முடியாமல் தவிக்கும் ஏழைக்கு இது ஒரு வழி. அந்த வழியை ஏன் அடைக்கிறீர்கள்?" என்று அவர்கள் கேட்கிறார்கள். பஞ்சாலையில் தூசியைச் சுவாசித்து, வெளியே வந்து பீடியைப் பற்ற வைக்கிற தொழிலாளிக்கு இந்த வாதம் நியாயமாகத்தான் படும். ஆகவே இதைத் தட்டிக் கழிக்காமல் ஆராய்ந்து பார்ப்போம்.

இந்தச் சாதனம் என்ன செய்கிறது?

மின் சிகரெட்டில் ஒரு சிறு பாட்டரி, ஒரு கம்பிச் சுருள், கொஞ்சம் திரவம் இவ்வளவுதான் உண்டு. சுருள் சூடேறியதும் திரவம் நுண்துளிகளாக மாறி, புகைபோல நெஞ்சுக்குள் போகிறது. இதை வெறும் நீராவி என்று சொல்வது பொய். திரவத்தில் கிளிசரின் இருக்கிறது, புரொப்பிலீன் கிளைக்கால் என்ற ரசாயனம் இருக்கிறது, மாம்பழம், புதினா, மிட்டாய் என்று வாசனைச் சரக்குகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக நிகோடின் இருக்கிறது.

நிகோடின் இன்னதென்று விவசாயத் தொழிலாளிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அசுவினிப் பூச்சியைக் கொல்லப் புகையிலைக் கஷாயம் காய்ச்சிப் பயிருக்குத் தெளிக்கிறோமே, அந்தக் கஷாயத்தில் பூச்சியைக் கொல்லுகிற சத்து இதுதான். ஈரத்தோடு புகையிலை ஒடிக்கிற கூலிக்காரருக்குத் தலை சுற்றலும் வாந்தியும் வருவதும் இதனால்தான். இலையிலுள்ள நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறிவிடுகிறது. ஒருவரைப் பழக்கத்துக்கு அடிமையாக்குவதும் இதே நிகோடின்தான். வளர்கிற பிள்ளையின் மூளையில் இது கவனத்தையும் கற்கும் திறனையும் கெடுக்கிறது என்று வைத்திய விஞ்ஞானம் சொல்லுகிறது.

பீடி, சிகரெட்டில் இலை எரிகிறது. எரிவதால் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகின்றன. புற்றுநோய்க்கும் மாரடைப்புக்கும் பெருங்காரணம் அந்தப் புகை. மின் சிகரெட்டில் எரிதல் இல்லை. ஆகவே, ஏற்கெனவே புகைக்கிறவர் அதை முழுக்க விட்டுவிட்டு இதற்கு மாறினால் கெடுதல் குறையும் என்பது உண்மை. பிரிட்டனில் டாக்டர்கள் புகைப்பழக்கத்தை விடுவிக்க இதைப் பயன்படுத்தவும் செய்கிறார்கள். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே பிரிட்டனின் தலைமை வைத்திய அதிகாரி, புகைக்காதவர் இதைத் தொடவே கூடாது என்றும், பிள்ளைகளுக்கு இதை விளம்பரம் செய்வதைச் சிறிதும் ஏற்க முடியாது என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். கம்பெனிக்காரர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விழுங்கிவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் நடந்தது என்ன?

"புகைக்கிறவர்களைக் காப்பாற்ற வந்தோம்" என்று சொன்ன கம்பெனிகளில் பெரிய கம்பெனி அமெரிக்காவின் ஜூல். 2015ல் அது தன் சரக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. யாருக்காக விளம்பரம் செய்தது? இருமிக்கொண்டிருக்கும் ஐம்பது வயதுக்காரருக்காகவா? பளபளக்கும் வர்ணங்களில் இளம் ஆண்களும் பெண்களும் ஆடிப்பாடும் படங்கள், விருந்துகளில் இலவச மாதிரிகள், வாலிபர்கள் கூடும் இணையதளங்களில் பிரசாரம், இவைதாம் அதன் விளம்பரம். சிறு பிள்ளைகள் பொம்மைப்படம் பார்க்கும் இணையதளங்களில்கூட விளம்பரம் போட்டது என்று மாசசூசெட்ஸ் மாகாண சர்க்கார் 2020ல் வழக்குத் தொடுத்தது. பள்ளிக்கூடங்களுக்குப் பணம் கொடுத்து உள்ளே நுழையப் பார்த்த சங்கதியும் 2019ல் அமெரிக்க காங்கிரஸ் விசாரணையில் அம்பலமாயிற்று.

சரக்கிலும் ஒரு தந்திரம் இருந்தது. சாதாரணமாக நிகோடின் தொண்டையைக் காந்தும். முதல் இழுப்பிலேயே இருமிவிட்டுப் பிள்ளை தூர எறிந்துவிடும். ஜூல் கம்பெனி நிகோடினுடன் பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து அந்தக் காந்தலைப் போக்கிற்று. அதிக நிகோடின் வழுவழுப்பாக உள்ளே இறங்கிற்று. ஐரோப்பிய யூனியனில் ஒரு மில்லி லிட்டரில் 20 மில்லி கிராம் நிகோடினுக்கு மேல் கூடாதென்று சட்டம். ஜூல் அமெரிக்காவில் விற்றது 59 மில்லி கிராம்!

பலன் என்ன? அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 2017ல் 100 மாணவர்களில் சுமார் 12 பேர் மின் சிகரெட் பிடித்தார்கள். 2019ல் 27 பேருக்கு மேல் பிடித்தார்கள். இரண்டே வருஷத்தில் இரட்டிப்புக்கு மேல்! புகைத்தே அறியாத பிள்ளைகளைப் புதிதாக நிகோடினுக்கு அடிமையாக்குவதுதான் புகைக்கிறவர்களைக் காப்பாற்றும் லட்சணமா?

2018 டிசம்பரில் இந்தக் கம்பெனியின் 35 சதவிகிதப் பங்கை 1,280 கோடி டாலர் கொடுத்து வாங்கியது யார் தெரியுமா? ஆல்ட்ரியா, அமெரிக்காவில் மார்ல்போரோ சிகரெட் விற்கும் அதே கம்பெனி! நோயை விற்றவனே மருந்தையும் விற்க வந்தான். பின்னர் வழக்குகள் குவிந்தன. 2022ல் முப்பதுக்கு மேற்பட்ட மாகாணங்களுக்கு ஜூல் கம்பெனி சுமார் 44 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2023ல் நியூயார்க், கலிபோர்னியா உள்ளிட்ட வேறு மாகாணங்களுக்கு 46 கோடி டாலருக்கு மேல் ஒப்புக்கொண்டது. 2022ல் இந்தச் சரக்கை விற்கக் கூடாதென்று உத்தரவிட்ட அமெரிக்க மருந்து நிர்வாக இலாகா, 2025 ஜூலையில் புகையிலை, மெந்தால் வகைகளை விற்கலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டது. முதலாளித்துவ நாட்டில் அபராதம் என்பது வியாபாரச் செலவுக் கணக்கில் இன்னும் ஒரு வரி, அவ்வளவுதான்!

இந்தப் பிள்ளை வேட்டை ஏன்? கணக்கு எளிது. புகையிலையை விடாமல் உபயோகிப்பவர்களில் பாதிப் பேர் வரை அதனாலேயே சாகிறார்கள். வாடிக்கைக்காரன் செத்துக்கொண்டே இருக்கும் வியாபாரம் இது. செத்தவனுக்குப் பதிலாக ஒரு புது ஆள் வேண்டும். அமெரிக்காவில் தினந்தோறும் சிகரெட் பிடிக்கும் பெரியவர்களில் 10 பேருக்கு 9 பேர் 18 வயது முடியுமுன் முதல் சிகரெட்டைப் பிடித்துப் பார்த்தவர்கள். புது ஆள் எந்த வயதில் அகப்படுவான் என்று கம்பெனிக்கு நன்றாகத் தெரியும்.

மருந்தானால் மருந்தாக விற்காதது ஏன்?

இவர்களுடைய யோக்கியதையைக் காட்ட இன்னொரு விஷயம் போதும். பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ என்ற பகாசுரக் கம்பெனி, "இ-வோக்" என்ற சாதனத்துக்கு 2015ல் பிரிட்டனில் மருந்து லைசென்சு வாங்கிற்று. டாக்டர் சீட்டெழுதிக் கொடுக்கக் கூடிய சாதனம் அது. நியாயமாக அந்தக் கம்பெனி அதைத் தலையில் வைத்துக் கூத்தாடியிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சரக்கு சந்தைக்கு வரவே இல்லை! லைசென்சு வாங்கியும், அதே கம்பெனி "வியூஸ்" என்ற பெயரில் வாசனை வாசனையாய் மின் சிகரெட்டைக் கடைத்தெருவில் விற்றுக் காசு சேர்க்கிறது.

மருந்தென்றால் நோயாளிக்கு மட்டும்தான் விற்க முடியும். நோய் குணமானால் வியாபாரம் முடிந்தது. மிட்டாயென்றால் யாருக்கும் விற்கலாம். வாங்கியவன் நாளைக்கும் வருவான். இவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள்! தூக்கியெறியும் மின் சிகரெட்டைப் பள்ளிப் பிள்ளைகள் கைகளில் கண்டு சகிக்க முடியாமல், புகையை விடுவதற்கு இதை ஏற்ற பிரிட்டனே 2025 ஜூன் 1 முதல் அந்த ரகத்தைத் தடை செய்தது.

நமது சர்க்காரின் இரட்டை வேஷம்

ஆகவே 2019ம் வருஷத் தடை சரியானது. அதை நீக்கக் கூடாது. ஆனால் தடை போட்ட சர்க்காரை நாம் சும்மா பாராட்டிவிட்டுப் போக முடியாது.

தடை அறிவிப்பு வந்த அன்றே பங்கு மார்க்கெட்டில் சிகரெட் கம்பெனிப் பங்குகளின் விலை ஏறிற்று. போட்டிச் சரக்கு ஒழிந்தது என்று முதலாளிகள் மகிழ்ந்தார்கள். நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி.யில் அப்போது பெரிய பங்குதாரர் யார்? மேலே சொன்ன பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோதான். சுமார் 29 சதவிகிதம். வெளிநாட்டில் மின் சிகரெட்டால் கொள்ளை, இங்கே சிகரெட்டால் கொள்ளை! அடுத்த பெரிய பங்குதாரர்? ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன். 15 சதவிகிதத்துக்கு மேல். இது போதாதென்று பழைய யூனிட் டிரஸ்டின் பங்குகள் என்ற பெயரில் இன்னும் சுமார் 8 சதவிகிதம் சர்க்கார் வசம். வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி நாம் கட்டுகிற பிரீமியப் பணம், நம் நெஞ்சையே அரிக்கும் சிகரெட்டில் முதலீடாகியிருக்கிறது!

2016-17ல் சர்க்காரே எடுத்த கணக்குப்படி நாட்டில் சுமார் 26 கோடியே 70 லட்சம் பெரியவர்கள் ஏதாவதொரு வகையில் புகையிலை உபயோகித்தார்கள். புகையிலையால் வருஷந்தோறும் 13 லட்சம் பேர் சாகிறார்கள். இவர்களில் சிகரெட்டைவிடப் பீடி குடித்தவர்களே அதிகம். அதாவது நமது வர்க்கம். பஞ்சுத் தூசியால் ஏற்கெனவே அடைபட்ட மார்பைப் புகை இன்னும் சீக்கிரம் அடைத்துவிடுகிறது. மின் சிகரெட் கூடாது, சிகரெட்டால் லாபப் பங்கு வரலாம் என்ற நியாயம் எந்த ஊர் நியாயம்?

நாம் கேட்பது

பிள்ளைகளுக்கு விற்கிறவன் எவனாயிருந்தாலும், பெட்டிக் கடையானாலும் இணையக் கடையானாலும், அவனையும் அவனுக்குச் சரக்கனுப்பும் மொத்த வியாபாரியையும் தண்டிக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் உபயோகிப்பதற்கென்று தனியாகத் தண்டனை கிடையாது. ஆகவே பள்ளிப் பிள்ளையை மிரட்டிப் பணம் பறிக்கப் போலீசுக்கு இடம் தரக் கூடாது. கள்ளச் சரக்கில் என்ன கலந்திருக்கிறதென்று யாருக்கும் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். 2019-20ல் அமெரிக்காவில் சுமார் 2,800 பேர் நுரையீரல் சேதமாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 68 பேர் செத்தார்கள். கஞ்சாச் சத்தில் வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெயைக் கலந்து கள்ளத்தனமாக விற்ற திரவமே அதற்கு முக்கியக் காரணம்.

புகைப்பழக்கத்தை விட விரும்பும் தொழிலாளிக்கு இலவச வைத்தியம் வேண்டும். நிகோடின் மாற்று மருந்தை 2022ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் இருப்பது ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலும் கிராம ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எப்போதும் காசில்லாமல் கிடைக்க வேண்டும். பழக்கத்தை விட ஆலோசனை கேட்க 1800-11-2356 என்ற கட்டணமில்லாத டெலிபோன் இருக்கிறது. இதை ஆலை வாசல் பலகையிலும் சங்க ஆபீசிலும் எழுதிப் போடுங்கள்.

ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷனும் சர்க்காரும் சிகரெட் கம்பெனிப் பங்குகளிலிருந்து வெளியேற வேண்டும். கூடவே ஒன்று: திருநெல்வேலி, தென்காசி, வேலூர்ப் பக்கங்களில் முதுகொடியக் குனிந்து பீடி சுற்றும் பெண்கள் நமது எதிரிகள் அல்லர். பீடி குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் அவர்களே. மாற்றுத் தொழிலும் அதுவரை நியாயமான கூலியும் கொடுக்காமல், "புகையிலையை ஒழிக்கிறோம்" என்று அவர்கள் வயிற்றில் அடிக்க விடமாட்டோம்.

ஆலைத் தொழிலாளர்களே! விவசாயத் தொழிலாளர்களே! உங்கள் பிள்ளையின் புத்தகப் பையில் பேனா மாதிரியோ பென்டிரைவ் மாதிரியோ, பழ வாசனை அடிக்கும் ஒரு சாதனத்தைக் கண்டால் அவனை அடிக்காதீர்கள். இதை யார் விற்றான் என்று கேளுங்கள். அந்தப் பெயரைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். மற்றதைச் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்!