சிக்னல் யாரை எண்ணுகிறது?

லண்டனில் ஆயிரக்கணக்கான சிக்னல்கள் 'ஸ்கூட்' என்ற மென்பொருளின் சொல்படி நடக்கின்றன. (ஸ்கூட்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வுக்கூடம் 1970களில் உருவாக்கி, கிளாஸ்கோ நகரத்தில் ஓட்டிப் பார்த்த முறை இது. அதற்கு முன்பு பெரும்பாலான ஊர்களில் சிக்னல் என்றால் வெறும் கடிகாரம்தான். காலையில் இத்தனை வினாடி பச்சை, மாலையில் இத்தனை வினாடி என்று யாரோ ஒரு பொறியாளர் என்றைக்கோ எழுதிக் கொடுத்ததை அது ஒப்பிக்கும். எதிரே ஈ காக்கை இல்லாவிட்டாலும் ஒப்பிக்கும்.

ஸ்கூட் கொஞ்சம் புத்திசாலி. சந்திப்புக்கு வெகு முன்னாலேயே தார்ச்சாலைக்கு அடியில் கம்பிச் சுருளைப் புதைத்து வைப்பார்கள். உலோக உடம்புள்ள வண்டி அதன்மேல் வந்தால் சுருளின் மின்தூண்டல் மாறும். அதை வைத்துக்கொண்டு எத்தனை வண்டி எப்போது வந்து சேரும், வரிசை எவ்வளவு நீளும் என்று கணினி கணக்குப் போடும். பச்சை மாறுவதற்குச் சற்று முன்பு, ஒரு நாலு வினாடி கூட்டலாமா, குறைக்கலாமா, அப்படியே விடலாமா என்று முடிவெடுக்கும். சிட்னியில் அதே காலத்தில் பிறந்த 'ஸ்காட்ஸ்' முறையும் ஏறக்குறைய இந்த வேலையைத்தான் செய்கிறது. அதில் சுருள் நிறுத்தக்கோட்டை ஒட்டி இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கெட்டிக்கார ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் கம்பிச் சுருளுக்கு உலோகம் மட்டும்தான் தெரியும். நடைபாதை ஓரத்தில் நாற்பது பேர் நின்றாலும் அதற்குத் தெரியாது. அவர்களுக்காகத்தான் கம்பத்தில் பொத்தான் இருக்கிறதே என்பார்கள். அந்தப் பொத்தானை ஒருவர் அழுத்தினாலும் நாற்பது பேர் அழுத்தினாலும் கணினிக்குப் போவது ஒரே சேதி: யாரோ நிற்கிறார். கார்களை ஒவ்வொன்றாக எண்ணும் இயந்திரம் மனிதர்களை மட்டும் 'உண்டு', 'இல்லை' என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொள்கிறது.

இதனால் என்ன நஷ்டம்? இங்கேதான் கணக்கு சுவாரஸ்யமாகிறது. விளக்கு நிறம் மாறும் ஒவ்வொரு முறையும் சில வினாடிகள் வீணாகும். ஒரு பக்கம் வண்டிகள் நின்று, மறுபக்கம் கிளம்ப நேரம் பிடிக்கும் அல்லவா? ஆகவே நெரிசல் கூடினால், மாறுவதைக் குறைத்து சுற்றையே நீளமாக்குவதுதான் வண்டிகளுக்கு லாபம். ஸ்கூட்டும் அதைத்தான் செய்யும். நடப்பவருக்கு இது தலைகீழ். உதாரணத்துக்கு, 60 வினாடிச் சுற்றில் பாதசாரிக்கு 8 வினாடி பச்சை என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு நேரத்தில் வந்து சேருபவர் சராசரியாக 22 வினாடி நிற்க வேண்டும். அதே 8 வினாடியை வைத்துக்கொண்டு சுற்றை 120 ஆக்கினால் சராசரி 52 வினாடி. வண்டிக்காரரின் நிம்மதிக்கான விலையை நடப்பவர்தான் கொடுக்கிறார். அதுவும் வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டு. பொறுக்க முடியாமல் சிவப்பிலேயே ஓடினால் 'ஒழுக்கமில்லாத ஜனங்கள்' என்ற பட்டம் வேறு!

கடக்கக் கொடுக்கும் நேரமும் இப்படித்தான். பிரிட்டனில் நெடுங்காலமாக வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று வைத்தே கணக்கிட்டு வந்தார்கள். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்த ஆண்களின் சராசரி நடைவேகம் 0.9 மீட்டர், பெண்களுக்கு 0.8 மீட்டர் என்று தெரிந்தது. 12 மீட்டர் அகலச் சாலையில் அந்தப் பாட்டிக்கு 15 வினாடி தேவை. கணக்கு கொடுப்பதோ 10.

தொழில்நுட்பம் இல்லை என்று இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. கடப்பவர் நடுச்சாலையில் இருக்கும்வரை வண்டிகளுக்குச் சிவப்பை நீட்டிக்கும் 'பஃபின்' கடவைகள் பிரிட்டனில் 1990களிலேயே வந்துவிட்டன. சிங்கப்பூரில் 2009 முதல், மூத்த குடிமக்கள் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் தட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி வரை கூடுதலாகக் கிடைக்கிறது. லண்டனிலேயே 2014-இல் பாலம், டூட்டிங் பெக் சுரங்க ரயில் நிலையங்களின் வாசலில் கேமரா வைத்து, காத்திருக்கும் கூட்டத்தைக் கணித்து பச்சையை நீட்டும் சோதனை அறிவிக்கப்பட்டது. எண்ண முடியும் என்பது அங்கே தெரிந்த விஷயம்.

பாதசாரிக்கு அள்ளிக் கொடுத்தால் பஸ்ஸும் சேர்ந்து மாட்டிக்கொள்ளுமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஐம்பது பேர் உள்ள பஸ்ஸும் ஒருவர் ஓட்டும் காரும் சுருளுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால்தான் பஸ்ஸைத் தனியாக அடையாளம் கண்டு முன்னுரிமை தரும் வசதியைப் பிறகு ஸ்கூட்டில் சேர்த்தார்கள். அப்படியென்றால் வாகனத்தை விட்டு ஆளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தால் ஆள், இறங்கி நடந்தால் ஆளில்லை என்பது என்ன கணக்கு? புதிதாக இந்த முறையை வாங்கும் எந்த நகரமும் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். வண்டிகளின் தாமதம் எத்தனை சதவீதம் குறையும் என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.

2021-இல் லண்டன் 18 இடங்களில் வழக்கத்தையே புரட்டிப் பார்த்தது. அங்கே பச்சை மனிதன் எப்போதும் எரிந்துகொண்டிருப்பான். வண்டி வருவதை உணர்ந்தால் மட்டும் விளக்கு மாறும். வண்டிகளுக்கு இதனால் பெரிய தாமதம் ஏதுமில்லை, சிவப்பில் கடப்பவர்களும் குறைந்தார்கள் என்று நகரப் போக்குவரத்து நிர்வாகம் சொன்னது. ஒன்று, அவை நடப்பவர் அதிகமும் வண்டி குறைவுமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடங்கள். ஆறு வழியாக வண்டிகள் பாயும் சந்திப்பில் இதைச் செய்ய இன்னும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.