மறுமொழி பெறுதல் இரவலன்று, உரிமை!

குழித்துறையாறு மேலைக் கடலொடு கலக்குமிடத்தில் அமைந்த தேங்காய்ப்பட்டணம் பழம்பெருங் கடற்றுறை. காத்திருத்தல் அக்கரை மக்களுக்குப் புதிதன்று. கடல்மேற் சென்றவன் கரை திரும்பும்வரை கண்பூத்து நிற்கும் தாயரையும் மனைவியரையும் அவ்வூர் நாள்தோறும் காண்கிறது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலின்போது குமரிக் கடற்கரை முழுவதும் அவ்வாறு காத்து நின்றது, பலர் திரும்பவேயில்லை. கடலுக்குக் கேட்கச் செவியில்லை. மறுமொழி சொல்ல வாயில்லை. அதனைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால், கேட்கச் செவியும், சொல்ல வாயும், எழுதக் கையும் உள்ள மாந்தர் அமர்ந்திருக்கும் அலுவலகங்களும் கடலைப்போலவே வாளாவிருப்பதை எவ்வாறு பொறுப்பது?

அண்மையில் அவ்வூரில் உறவினர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவர்தம் மகன் தமிழ்வழியில் பயின்று பட்டம் பெற்றவன், அகவை இருபத்தாறு. வேலை வேண்டி அவன் விடுத்த ஒவ்வொரு மடலையும் ஒரு குறிப்பேட்டில் நாளிட்டு எழுதி வைத்திருந்தான். விண்ணப்பம் என்று பிறர் வழங்கும் அவ் வேண்டுமடல்கள் மொத்தம் முப்பத்தொன்று. மறுமொழி வந்தவை நான்கே, நான்கும் ஆங்கிலத்தில். எஞ்சிய இருபத்தேழுக்கும் எதிரே வெற்றிடம்! நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் உள்ளே வந்த அவன் தாய், எங்களைக்கூட வினவாமல், அவன் கைப்பேசியை நோக்கி, “எதும் வந்துதா மக்களே?” என்றார். இல்லையென்று அவன் தலையசைத்தான். நாள்தோறும் நிகழும் வினாவும் விடையும் இவைதாம் என்பது இருவர் முகத்திலும் தெரிந்தது.

அவ் இருபத்தேழில் ஒன்றனைப் பற்றி மட்டும் இங்கு எழுத வேண்டும். நிறுவனம் ஒன்று அவனை நேர்காணலுக்கு அழைத்தது. தன் செலவில் சென்று வந்தான். “ஒரு கிழமையில் முடிவு சொல்கிறோம்” என்றனர். அச் சொல்லை நம்பி, மார்த்தாண்டத்துக் கடையொன்றில் கிடைக்கவிருந்த கணக்கெழுதும் வேலையை அவன் ஏற்கவில்லை. ஒரு கிழமை ஏழு திங்களாயிற்று. அங்கிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. கடை வேலையும் வேறொருவர்க்குப் போயிற்று. ‘உனக்கு இவ் வேலை இல்லை’ என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அவன் ஏழு திங்கள் உழைத்துப் பொருளீட்டியிருப்பான். மறுப்பு அவனைக் கெடுக்கவில்லை; வாய்வாளாமையே கெடுத்தது. இவ் வேறுபாட்டை வேலை கொடுப்போர் உணர்ந்தாரில்லை.

“ஆயிரக்கணக்கில் மடல்கள் வருகின்றன, அனைவர்க்கும் விடையெழுத இயலுமோ?” என்பது அவர்தம் வழக்கமான ஏச்சு. அனைவரிடமும் மடல் வாங்க இயலுகிறது. தேர்வுக் கட்டணம் உள்ள இடங்களில் ஒருவரையும் விடாமல் கட்டணம் தண்டவும் இயலுகிறது. பணம் வந்து சேர்ந்தது என்று நொடிப்பொழுதில் கணிப்பொறி வாயிலாகச் செய்தி விடுக்கவும் இயலுகிறது. ‘தேர்ந்தெடுக்கப்படவில்லை’ என்று எழுதுவதற்கு மட்டும் இயலாமை எங்கிருந்து வந்தது? இயலாமை அன்று அது. எளியவன் காலத்திற்கு மதிப்பில்லை என்னும் எண்ணமே அது.

அரசின் நடைமுறையைப் பார்ப்போம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர், மூன்றாண்டுக்கொரு முறை அப்பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலையற்றோர்க்கான உதவித்தொகை பெறவோ, பதிந்து ஐந்தாண்டு கடந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியவர்க்குத் திங்களுக்கு 300 உருபா, பட்டம் பெற்றவர்க்கு 600 உருபா, அதுவும் மூன்றாண்டுக்கே. காத்திருப்புக்கு அரசே வைத்த அளவுகோல் ஐந்தாண்டு என்றால், இளமையின் விலை யாது என்பதை நீங்களே கணித்துக்கொள்ளுங்கள்!

2022 சூலை 24ஆம் நாள் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நான்காம் தொகுதித் தேர்வை நடத்தியது. 18 இலக்கத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். முடிவு வரும் வரும் என்று நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. இறுதியில் இளைஞர்கள் இணையவழியே ஒருமித்துக் குரல் எழுப்பினர். எட்டுத் திங்கள் கழிந்து 2023 மார்ச்சு 24ஆம் நாள் முடிவு வெளியாயிற்று. அடுத்து 2024 சூன் 9-இல் நடந்த அதே தொகுதித் தேர்வின் முடிவோ அக்டோபர் 28-இல், ஐந்து திங்களுக்குள், வந்துவிட்டது. விரைந்து முடிக்க இயலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மறுமொழி வருவது ஒரு பாதி. எம்மொழியில் வருகிறது என்பது மறு பாதி. தேங்காய்ப்பட்டணத்துக்கு அணித்தே உள்ளது புதுக்கடை. தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டுமெனப் போராடிய தமிழர்மீது 1954 ஆகசுட்டு 11ஆம் நாள் அப் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் மாய்ந்தன. குமரித் தந்தை நேசமணியார் போன்றோர் உழைப்பால் 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதே ஆண்டில்தான் தமிழ் ஆட்சிமொழிச் சட்டமும் இயற்றப்பட்டது. தன் ஊர் அலுவலகத்தில் தன் மொழியில் கேட்கவும் தன் மொழியில் விடைபெறவுமே அன்றோ அவர்கள் குருதி சிந்தினர்! அம் மண்ணின் பிள்ளைக்கு வந்த நான்கு மறுமொழிகளும் ஆங்கிலத்தில் என்றால், இணைப்பின் பயன் இன்னும் முழுமையாகக் கைக்கு வரவில்லை என்பதே பொருள்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சான்றுகள் உள. தமிழ்வழியில் கற்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. நடுவணரசின் அஞ்சல் துறை, 2019 சூலை 14-இல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே தேர்வை நடத்தியது. தமிழகம் கொதித்தெழுந்தது, மாநிலங்களவையில் எழுந்த எதிர்ப்பால் இரண்டே நாளில் அத்தேர்வு நீக்கப்பட்டது. நடுவண் காவற்படைகளுக்கான காவலர் தேர்வு 2024 முதல் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடக்கிறது. இவையெல்லாம் வாளாவிருந்தோர்க்கு வந்த பரிசில்கள் அல்ல.

பிறரைச் சாடும் நாம் நம்மையும் நோக்க வேண்டும். பெயர்ப்பலகையில் தமிழ் மணக்கும் கடைகளையும், மேடையில் தமிழ் முழங்குவோர் நடத்தும் நிறுவனங்களையும் நாம் அறிவோம். வேலை கேட்டு வந்த தமிழ் இளைஞனுக்கு அவர்களுள் எத்தனைப் பேர் விடை எழுதியுள்ளனர்? தமிழில் பெயர் வைத்துவிட்டுத் தமிழனுக்கு மறுமொழி மறுப்பது தமிழ்ப்பற்று ஆகாது. நம் அன்பர்களுள் நாலு பேர்க்கு வேலை தரும் நிலையில் உள்ளோர், இன்றே தம் மேசையில் கிடக்கும் மடல்களை எடுத்து விடை எழுதட்டும். தூய்மை வீட்டிலிருந்து தொடங்கட்டும்!

அயல்நாட்டைப் பாருங்கள். நம் ஈழத் தமிழர் பெருந்தொகையாய் வாழும் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், 25 பேர்க்குக் குறையாமல் வேலைகொள்ளும் நிறுவனங்கள், விளம்பரப்படுத்திய பணிக்கு நேர்காணப்பட்டவர்க்கு 45 நாளுக்குள் முடிவு பற்றிச் செய்தி சொல்ல வேண்டும் என்னும் சட்டவிதி 2026 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அங்கு இயலுவது இங்கு ஏன் இயலாது? தமிழ்நாட்டரசு இத்தகைய சட்டம் ஒன்றை இயற்ற வேண்டும். விடுக்கும் மறுமொழி தமிழில் இருத்தல் வேண்டும் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். இதுவே நம் கோரிக்கை.

அச்சட்டம் வரும்வரை இளைஞர் செய்யத்தக்கது யாது? ஒவ்வொரு வேண்டுமடலுக்கும் படியெடுத்து வையுங்கள். சொன்ன நாள் கடந்ததும், சொல்லாவிடில் இரண்டு கிழமை கழிந்ததும், தமிழில், பணிவோடும் தெளிவோடும், ‘முடிவு யாது?’ என்று கேட்டெழுதுங்கள். கெஞ்ச வேண்டா, சினக்கவும் வேண்டா, நாளையும் பணியின் பெயரையும் குறித்து நாலே வரியில் எழுதினால் போதும். அரசு அலுவலகமாயின் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் உள்ளது. அம் மனுவை மாநிலத்தின் ஆட்சிமொழியிலேயே எழுதலாம் என்று அச்சட்டமே கூறுகிறது; கட்டணம் 10 உருபா; ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் வினவ முடியாது. 30 நாளுக்குள் விடை தர வேண்டும். தக்க கரணியமின்றிக் காலந்தாழ்த்தினால், நாளொன்றுக்கு 250 உருபா வீதம் 25,000 உருபா வரை அலுவலர்மீது தண்டம் விதிக்கத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரமுண்டு. இவை யாவற்றினும் மேலாக, ஒரு மடலுக்கான விடையை எதிர்நோக்கி, கைக்கெட்டிய உழைப்பைக் கைவிடாதீர்கள். கேட்பதும் நிற்கக் கூடாது. வாழ்வும் நிற்கக் கூடாது.

அன்று மாலை அவ்விளைஞனை அருகிலமர்த்தி, ஏழு திங்களாய் வாய்திறவாத அந் நிறுவனத்துக்குத் தமிழில் ஒரு மடல் எழுதச் செய்தோம். “இத்தனை நாள் கழிந்து கேட்டால் சினந்துகொள்ள மாட்டார்களா?” என்று தயங்கினான். கேட்பதற்கே அஞ்சும் நிலைக்கு நன்றாய்ப் படித்த பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்று எண்ணி வருந்தினோம். ஒப்புகை கோரி விரைவஞ்சலில் விடுத்தான். பன்னிரண்டாம் நாள் விடை வந்தது: அப்பணி முன்பே நிரப்பப்பட்டுவிட்டது என்று இரண்டு வரி, அவ்விரண்டும் தமிழில்! தொலைப்பேசியில் அதனைப் படித்துக் காட்டிய அவன் குரலில் துயரமில்லை. “இனி அதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டா, ஐயா. நாளை மார்த்தாண்டத்தில் வேறொரு கடையில் பேசப் போகிறேன்” என்றான்.

வேலை கிடைக்கவில்லை, ஆனால் கட்டு அவிழ்ந்தது. அக்கட்டை அவிழ்க்க அந் நிறுவனத்துக்கு ஆன செலவு இரண்டு வரி. அவ்விரண்டு வரியை நம் பிள்ளைகள் ஒவ்வொருவர்க்கும், நம் மொழியில், உரிய காலத்தில் பெற்றுத்தரும்வரை நம் பணி ஓயாது. தமிழிளைஞனே, குனிந்து காத்திராதே, நிமிர்ந்து கேள்!