மேகத்துக்கு யார் கொடி காட்டுவது?

மணியாச்சி ஜங்ஷனில் தூத்துக்குடி வண்டிக்காகக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்: அங்கே பொழுது நகர்வதில்லை; நம்மோடு கூடவே பெஞ்சியில் உட்கார்ந்து வெயில் காய்கிறது. சுற்றிலும் கரிசல் காடு. கோடையில் அந்த மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். 1911-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி இந்த நிலையத்தில்தான் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்டார். இன்று நிலையமே அவர் பெயரைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஓர் எழுத்தாளன் வீர உணர்ச்சி கொள்ளவேண்டியது நியாயம். நான் என்ன செய்தேன்? கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இரண்டைத் தின்று, தண்ணீர் குடித்து, பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

தூக்கத்தில் ஒரு கனவு. அதே ஜங்ஷன், ஆனால் தண்டவாளங்கள் தரையில் இல்லை. தலைக்கு மேலே, ஆகாயத்தில், வெள்ளிக் கம்பிகளாக நாலு திசைக்கும் ஓடுகின்றன. அவற்றின்மேல் கூட்ஸ் வண்டியைப் போலக் கருமேகங்கள் முனகிக்கொண்டு வருகின்றன. பிளாட்பார முனையில் ஒரு கேபின். உள்ளே வரிசையாக இரும்பு லீவர்கள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஊர்ப் பெயர்: கயத்தாறு, கடம்பூர், எட்டயபுரம், விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம். காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் லீவரை இழுக்கிறாள். ஒரு மேகம் கழன்று, தடம் மாறி, தெற்கே போகிறது. தூரத்தில் மழை இறங்கும் வாசனை எனக்கு மூக்கில் ஏறுகிறது.

கேபின் வாசலில் ஒரு கிழவர். துண்டில் பருத்தி விதை முடிந்து வைத்திருக்கிறார்.

“தாயி, எங்க ஊருக்கு எப்பம்மா விடுவீக?”

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “பெரியவரே, உங்க ஊரு லீவரு எங்கிட்ட இல்ல. அது ஏலத்துல போயிருச்சு.”

அவ்வளவுதான். விழித்துக்கொண்டேன். தூத்துக்குடி வண்டி நின்றுகொண்டிருந்தது. ஓடி ஏறி, டிக்கெட்டின் பின்புறத்தில் ‘லீவர் ஏலம்’ என்று இரண்டே வார்த்தைகளை எழுதிக்கொண்டேன். மூக்கில் ஏறிய மழை வாசனை தட்டப்பாறை தாண்டும் வரையில் இறங்கவில்லை.

தூத்துக்குடியில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். நல்ல வாசகர், விமரிசகர் என்றும் பெயர் எடுத்தவர். கனவைச் சொன்னேன். இதிலிருந்து ஒரு விஞ்ஞானக் கதை எழுதப்போகிறேன் என்றும் சொன்னேன். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே தீர்ப்பும் வழங்கிவிட்டார்.

“அண்ணாச்சி, வேண்டாம். முதலாவது, கனவில் வந்ததெல்லாம் கதை ஆகாது. இரண்டாவது, விஞ்ஞானக் கதை வெள்ளைக்காரன் சரக்கு. நம்ம மண்ணில் முளைக்காது. மூன்றாவது, தண்ணீருக்குக் குடம் தூக்கும் சனங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு ஆகாயத்தில் தண்டவாளம் போடுவது தப்பித்து ஓடுகிற காரியம். கரிசல் காட்டைக் கரிசல் காடாகவே எழுதுங்கள்.”

இந்த மூன்று தீர்ப்பும் அவருடைய சொந்தச் சொத்து அல்ல. ஒரு பத்திரிகை ஆசிரியரும் என்னிடம் இதையே சுருக்கமாகச் சொன்னதுண்டு: ‘கிராமத்துக் கதை இருந்தால் அனுப்புங்கள்.’ ஆகவே நண்பருக்குச் சொல்லும் பதிலை ஊருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கனவு. கனவு என்றால் என்ன அவ்வளவு இளக்காரம்? 1816-ம் ஆண்டுக் கோடையில் ஜெனீவா ஏரிக் கரையில் மேரி என்ற பதினெட்டு வயதுப் பெண் தங்கியிருந்தாள். அதற்கு முந்தைய ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய தூசி வானத்தை மறைத்ததில், ஐரோப்பாவில் அந்த வருஷம் கோடையே வரவில்லை. ஓயாத மழை. வெளியே போக முடியாத நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று பந்தயம் கட்டினார்கள். மேரிக்குப் பல நாள் ஒன்றும் ஓடவில்லை. ஓர் இரவு, பாதி விழிப்பும் பாதி உறக்கமுமாகக் கிடந்தபோது, தான் உண்டாக்கிய உருவம் அசைவதைப் பார்த்து அஞ்சி நிற்கும் ஒரு மாணவனைக் கண்டாள். 1818-ல் வெளிவந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ அந்தக் காட்சியிலிருந்து பிறந்தது. அவர்களுக்கு மழை நிற்காததால் ஒரு கனவு. நமக்கு மழை வராததால் ஒரு கனவு. கனவுக்கு வேண்டியது ஒரு தவிப்பு. அது நம் பக்கம் தாராளமாகவே விளைகிறது.

‘பார்த்தீரா, அதுவும் வெள்ளைக்காரிதானே!’ என்பார் நண்பர். சரி, வெள்ளைக்காரியை விட்டுவிடுவோம். சென்னைப் பட்டணத்துக்கு வருவோம்.

1901-ல் கமலா சத்தியநாதன் என்ற அம்மையார் சென்னையில் ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். 1905-ல் அந்தப் பத்திரிகையில் ஒரு கதை வந்தது. பெயரே ‘சுல்தானாவின் கனவு’. எழுதியவர் ரொக்கேயா சகாவத் ஹுசைன் என்ற வங்காளத்து முஸ்லிம் பெண், வயது இருபத்தைந்து. உத்தியோக நிமித்தம் சுற்றுப்பயணம் போயிருந்த கணவர் திரும்பி வரும்வரையில் பொழுது போக்க எழுதினாராம். வந்த கணவர் உட்காராமல் நின்றபடியே படித்து முடித்து, ‘பயங்கரமான பழிவாங்கல்’ என்ற பொருளில் வியந்தாராம்.

கதையில், இந்தியப் பெண்களின் நிலைமையை நினைத்தபடி சாய்வு நாற்காலியில் கிடக்கும் சுல்தானா, பெண்கள் ஆளும் ஒரு நாட்டுக்குப் போகிறாள். ஆண்கள் வீட்டுக்குள் பர்தாவில் இருக்கிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமையல் செய்கிறார்கள். ஆகாயத்தில் வண்டி ஓடுகிறது. எல்லாவற்றையும்விட என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று. அங்கே பெண்கள் சர்வகலாசாலை ஒன்று ஒரு பெரிய பலூனை மேகத்துக்கு மேலே மிதக்கவிட்டு, குழாய் வைத்து வேண்டிய மட்டும் தண்ணீர் இறக்கிக்கொள்கிறது! மணியாச்சி பெஞ்சியில் நான் கண்ட கனவை, நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு பெண் கண்டு, அதைச் சென்னையில் அச்சும் போட்டாகிவிட்டது. இதைத்தான் நம் மண்ணில் முளைக்காது என்கிறார் நண்பர்.

அந்தக் கதையிலேயே, பெண்களின் கண்டுபிடிப்புகளை ஏதோ பேதைக் கனவு என்று ஆண்கள் கேலி செய்கிற இடம் ஒன்று வருகிறது. படிக்கும்போது என் நண்பரின் காப்பி டம்ளர் என் கண் முன்னால் வந்து போயிற்று.

கனவு கண்டவர் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாரா? இல்லை. 1911-ல், மணியாச்சியில் துப்பாக்கி வெடித்த அதே ஆண்டில், கல்கத்தாவில் எட்டு மாணவிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தை நடத்த ஆரம்பித்தார். 1932-ல் கண்ணை மூடும்வரையில் அந்தப் பணியைக் கைவிடவில்லை. கனவு காண்பது தப்பித்து ஓடுவது என்றால், இந்த அம்மையார் எங்கே ஓடினார் என்று எனக்கு யாராவது சொல்லட்டும்.

இன்னொரு சங்கதி. விஞ்ஞானி ஜகதீஸ் சந்திர போஸ் 1896-ல் வங்காளியில் ஒரு கதை எழுதினார். கடலில் வந்த புயல், ஒரு சீசாக் கூந்தல் தைலத்தை ஊற்றியதும் அடங்கிப்போகிற கதை. ஒரு கூந்தல் தைலக் கம்பெனி நடத்திய போட்டிக்காக எழுதியது, பரிசும் பெற்றது. தைல வியாபாரிக்கே இடம் கொடுத்த கற்பனை, கரிசல் சம்சாரிக்கு மட்டும் இடம் கொடுக்காதோ?

வங்காளம் எட்டாக் கை என்றால் எட்டயபுரத்துக்கு வாருங்கள். அந்தப் பருத்திச் சீமையில், எவரும் நினைத்துப் பாராத காலத்தில், பருத்தி ஆலை வைக்க முயன்று கைப்பொருளை இழந்தவர் சின்னசாமி ஐயர். அவர் மகன் சுப்பிரமணிய பாரதி தம் வாழ்க்கையைப் பாட்டாக எழுதியபோது அதற்கு வைத்த பெயர் ‘கனவு’. அதே 1910-ல் அவருடைய ‘ஞானரத’மும் புத்தகமாக வந்தது, மனத்தையே வாகனமாக்கி உலகம் உலகமாகப் பறக்கிற உரைநடை அது. தகப்பனாருக்கு இயந்திரம், பிள்ளைக்குக் கனவு. இரண்டும் ஒரே வீட்டில், இதே கரிசலில். இந்த மண்ணுக்கு இவை அந்நியம் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அது கிடக்கட்டும், இன்றைய மண்ணைத்தான் பாருங்களேன். தென்மேற்குப் பருவக் காற்று தன் மழையை மலைக்கு அப்பாலேயே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்கையோடு வருகிறது. அந்தக் காற்றுதான் கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. இதே மாவட்டத்தில், குலசேகரன்பட்டினத்தில், ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஆடு மேய்க்கிறவர் நிமிர்ந்தால் காற்றாலை தெரிகிறது; நாளைக்கு ராக்கெட்டும் தெரியும். அவருடைய கண்ணில் படுவது அவருடைய கதையில் படக்கூடாது என்று சட்டம் போட நாம் யார்? அவரை என்றைக்கும் மாட்டு வண்டியிலேயே உட்கார்த்தி வைத்துப் பார்ப்பது நமக்கு அழகாக இருக்கலாம். அந்த அழகுக்கு அவர் கூலி கொடுக்கவேண்டியதில்லை.

மூன்றாவது குற்றச்சாட்டுத்தான் கனமானது. இது தப்பித்து ஓடுவதா?

மழையைத் திசை திருப்புவது வெறும் கனவு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1946-ல் அமெரிக்காவில் வின்சென்ட் ஷேஃபர் என்பவர் விமானத்தில் ஏறி, மேகத்தில் உறைந்த கரியமிலவாயுத் தூளைத் தூவி, அது பனித்துகளாக இறங்குவதைக் காட்டினார். பிறகு வெள்ளி அயோடைடைப் பயன்படுத்தினார்கள். மேகத்திலுள்ள நீர், பற்றிக்கொள்ள ஒரு துகள் கிடைத்தால் அதைச் சுற்றித் திரண்டு கனத்து விழும், அதுதான் சூட்சுமம். வெறும் வானத்தில் இது மேகத்தை உண்டாக்காது. இருக்கிற மேகத்தைக் கொஞ்சம் தூண்டும், அவ்வளவே. நம் தமிழ்நாட்டிலேயே 1980-களில் வறட்சிக் காலத்தில் அரசாங்கம் இதைச் செய்து பார்த்தது. கொடும்பாவி கட்டி இழுத்த சனங்களின் தலைக்கு மேலே விமானமும் பறந்திருக்கிறது.

மற்றொரு பக்கமும் உண்டு. 1967 முதல் 1972 வரையில் வியட்நாம் போரின்போது, எதிரியின் பாதைகள் சேறாகவேண்டும் என்பதற்காக அமெரிக்க ராணுவம் இதே முறையில் மேகங்களின்மேல் ரகசியமாகத் தூவியது. விஷயம் வெளிவந்தது. வானிலையைப் போர்க் கருவியாக்கக் கூடாது என்று 1977-ல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ராணுவத்துக்குத் தடை எழுதியாயிற்று, சந்தைக்கு? மேகத்தை ஓரளவேனும் கையாளலாம் என்று ஆனபிறகு, யாருடைய நிலத்துக்கு, யாருடைய ஆலைக்கு என்ற கேள்வி வராமலா போகும்? என் கனவுப் பெண் சொன்னாளே, ‘ஏலத்துல போயிருச்சு’ என்று, அந்த ஒரு வார்த்தையில் இந்தக் கேள்வி முழுவதும் இருக்கிறது. தண்ணீருக்குக் குடம் தூக்கும் சனங்களைப் பற்றிய கதை இது இல்லாவிட்டால், வேறு எதுதான்?

இன்னொன்றும் சொல்கிறேன். புரட்டாசியில் இந்தப் பக்கத்து மானாவாரிச் சம்சாரி வறண்ட புழுதியில் விதையைப் போடுகிறார். ஐப்பசியில் மழை வரும் என்பது அவருடைய கற்பனை. வராமலும் போகலாம், போயிருக்கிறது. இல்லாத ஈரத்தை மனத்தில் கண்டு, இருக்கிற விதையை மண்ணில் போடுகிறவரைவிடப் பெரிய எதிர்காலக் கதைக்காரர் யார்? அவருக்குக் கற்பனை ஒட்டாது என்று காப்பி டம்ளரோடு தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

நிற்க. நண்பர் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருப்பதை மறைப்பது யோக்கியம் அல்ல. கனவில் வந்தபடியே எழுதினால் கதை ஆகாதுதான். ஸ்டீவன்சன் 1886-ல் ‘டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்’ வெளியிட்டார். அதில் கனவு கொடுத்தது இரண்டொரு காட்சிகளைத்தான். மற்றதெல்லாம் விழித்திருந்து உழைத்தது என்று அவரே பின்னால் எழுதினார். நம்மில் சிலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எட்டுப் பக்கம் இஷ்டப்படி கதையை ஓடவிட்டு, முடிச்சு அவிழாத இடத்தில் ‘திடுக்கிட்டு விழித்தான், எல்லாம் கனவு’ என்று கை கழுவிவிடுகிறார்கள். இது வாசகரைச் சாப்பாட்டுக்கு அழைத்து இலையில் படம் வரைந்து காட்டுவது போன்ற காரியம். சுல்தானாவும் விழித்துக்கொள்கிறாள் என்பீர்கள். உண்மை, ஆனால் அவள் விழிப்பது எந்தப் பூட்டு மாட்டிய வீட்டில் என்பது நமக்குத் தெரியும். அந்த விழிப்பு தப்பித்தல் இல்லை, சூடு.

எனவே என் கதையில் யாரும் விழித்துக்கொள்ளப் போவதில்லை. அந்தப் பெண்ணுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, ஏலம் எந்த ஊரில் நடந்தது, கிழவரின் ஊர்க்காரர் யாராவது அதில் கையெழுத்துப் போட்டாரா, லீவரைத் திருட்டுத்தனமாக இழுத்தால் எந்த ஊர் காயும் — இவ்வளவையும் நான் விழித்திருந்து கணக்குப் பார்த்தாகவேண்டும். கடைசிக் கேள்விக்குத்தான் இன்னும் விடை கிடைக்கவில்லை. கயத்தாற்றுக்கு இழுத்தால் விளாத்திகுளம் காய்கிறது. இரண்டு ஊரிலும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

நண்பருக்கு இதையெல்லாம் கடிதமாக எழுதினேன். ‘எழுதி முடித்ததும் முதலில் எனக்கு அனுப்புங்கள், கிழவருக்கு மழை கிடைத்ததா?’ என்று ஒரு வரி பதில் வந்திருக்கிறது.

கிழவர் இன்னும் கேபின் வாசலிலேயே நிற்கிறார். துண்டு முடிச்சை அவிழ்க்கவில்லை.