ஆட்டமும் பிழைப்பும்

மாலைப் பொழுதில் புதுப்பட்டினத்துத் தெருக்களில் நடப்போர், திண்ணைகளிலும் மரத்தடிகளிலும் கேரம் பலகையைச் சூழ்ந்து நிற்கும் இளைஞரைக் காணலாம். காய் குழியில் வீழும் ஓசையுடன், "படிக்கிற பிள்ளைக்கு இது சோறு போடுமா?" என்று அதட்டும் பெரியவர் குரலும் கேட்கும். அக்குரலில் அன்பு உண்டு, அச்சமும் உண்டு. அவ்வச்சம் தக்கதா, தக்கதாயின் அதனைப் போக்கும் கடமை யாருடையது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கேரத்தைச் சூதின் இனமாகக் கருதி வெறுப்பாரும் உளர். வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்துக் கடிந்தாரன்றோ என்பர். உண்மையே. ஆயின் அவர் கடிந்தது, கைப்பொருளைக் கவற்றின் வசம் ஒப்புவிக்கும் மயக்கத்தை. கேரத்தில் கவறு இல்லை. 9 வெள்ளைக் காய்கள், 9 கறுப்புக் காய்கள், சிவப்பு ஒன்று, 15 கிராமுக்கு மேற்படாத ஸ்ட்ரைக்கர் ஆகிய இவையே கருவிகள். எஞ்சியவெல்லாம் கண்ணின் கணக்கும் விரலின் அடக்கமுமேயாம்.

இவ்வாட்டத்தில் தமிழகத்தின் சிறப்புச் சிறிதன்று. அகில உலகக் கேரம் சம்மேளனம் 1988-இல் சென்னையிலேயே தோன்றிற்று. சென்னை வீரர் மரிய இருதயம் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றார். 1996-ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருதும் பெற்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த ஆறாவது உலகக் கோப்பைப் போட்டியில், வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளாகிய 17 வயதுக் காசிமா, ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று பிரிவிலும் பொற்பதக்கம் வென்றார். தமிழக அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் பரிசளித்தது. இது போற்றத்தக்க செயலே.

எனினும், பரிசு வேறு, பிழைப்பு வேறு. பரிசு உச்சியை அடைந்தவருக்கு உரியது. பாதி வழியில் ஏறிக்கொண்டிருப்போருக்கு வேண்டுவது அடுத்த அடி வைக்க ஒரு படி.

ஆங்கில நாட்டில் சுவரில் மாட்டிய வட்டப் பலகையில் சிற்றம்பு எறியும் டார்ட்ஸ் என்னும் ஆட்டம் மதுக்கடைகளில் வளர்ந்தது. 1992-இல் முன்னணி ஆட்டக்காரர் சிலர் பிரிந்து தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். இன்று அதன் சுற்றுப் போட்டிகளில் ஆடும் உரிமைச் சீட்டு 128 பேருக்கு உண்டு. தகுதிப் போட்டியில் வெல்லும் புதியவர் ஈராண்டுக்கு அதனைப் பெறலாம். லூக் லிட்லர் என்னும் சிறுவன் 2024 ஜனவரியில், 16 வயதில், உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தோற்றான். தோற்றும் 2 இலட்சம் பவுண்டு பெற்றான். மறு ஆண்டு வாகை சூடி 5 இலட்சம் பெற்றான். தோற்றவனுக்கும் வாழ வழி அமைத்ததே அச்சங்கத்தின் பெருமை.

அயல்நாடு ஏன்? நம்மூருக்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள மாமல்லபுரத்தில் 2022-இல் 44-ஆம் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. அங்கே முதற்பலகையில் பொற்பதக்கம் பெற்ற குகேஷ், 2024 டிசம்பரில் 18 வயதில் உலகப் பட்டம் வென்றார். சதுரங்கத்தில் தரவரிசையும் பட்டங்களும் ஆண்டு முழுதும் போட்டிகளும் படிகளாய் அமைந்துள்ளன. அப்படியிருந்தும் அவர் தந்தையார் தம் மருத்துவத் தொழிலை நிறுத்திவைத்து மகனுடன் ஊர் ஊராய்ச் செல்ல வேண்டியதாயிற்று. மருத்துவர் வீடு தாங்கிய அச்சுமையை ஆட்டோ ஓட்டுநர் வீடு எங்ஙனம் தாங்கும்?

ரிசர்வ் வங்கி, ஆயுள் காப்பீட்டுக் கழகம் முதலியன கேரம் வீரர்க்கு வேலை அளித்துள்ளமை உண்மையே. அவ்வேலை கிட்டும்வரை இளைஞரைத் தாங்குவார் யார்? மாவட்டந்தோறும் ஆண்டு முழுதும் நடைபெறும் தொடர்ப்போட்டி வேண்டும். அதில் முதலிடம் பெற்றவர்க்கேயன்றி எட்டாமிடம் பெற்றவர்க்கும் பயணப்படியேனும் கிடைத்தல் வேண்டும். கல்லூரிகள் ஆடுவோர்க்கு இடமும் கட்டணச் சலுகையும் நல்கலாம். இளைஞரும் பலகையைக் காரணங்காட்டிப் பாடத்தைக் கைவிடுதல் கூடாது. காயம்பட்ட விரலும் கற்ற கல்வியால் பிழைக்கும்.

திருமறையில் தாலந்தை மண்ணிற் புதைத்த ஊழியன் கடிந்துகொள்ளப்பட்டான். அவன் தான் பெற்றதைத் தானே புதைத்தான். திண்ணையில் ஆடும் சிறுவன் தன் தாலந்தை ஒளிக்கவில்லை. ஊரறிய வெளியே வைத்திருக்கிறான். அதன்மேல் மண்ணைத் தள்ளுவோர் நாமாகாதிருப்போமாக.