மைலோ டின்னில் கிடக்கும் சரித்திரம்



உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் பழைய மைலோ டின் ஒன்று இருக்கிறதா? அதில் பாட்டி போட்டு வைத்த பழங்காசுகள் கிடக்கின்றனவா? அப்படியானால் இம்முறை எழுதுவது உங்களுக்காகத்தான்.

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பெரிய நாணயக் கண்காட்சிகள் நடப்பதுண்டு. மண்டபம் முழுக்க வரிசை வரிசையாக மேசைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் காசுகள், உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் குனிந்து நிற்கும் மனிதர்கள். திருவிழாக் கடைத்தெருவைப் போல ஒரு நாள் முழுக்கச் சுற்றலாம். பள்ளி விடுமுறையில் வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

அங்கே நம் மலாக்காவுக்குத் தனி மதிப்பு உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் முஸாபர் ஷாவின் பெயர் பொறித்த வெள்ளீயக் காசுகள் இருக்கின்றன. 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியத் தளபதி அல்புகர்க்கேயும் வெள்ளீயத்தில் காசு அடித்தார். மலாக்கா ஆற்றின் முகத்துவாரத்தில் இப்படிப்பட்ட பழங்காசுகள் கிடைத்திருக்கின்றன. ஆண்டுகளை மனப்பாடம் செய்யத் திணறும் பிள்ளைக்கு இந்தக் காசை ஒருமுறை கண்ணால் காட்டிவிட்டால் 1511 மறக்காது.

ரிங்கிட்டை நாம் இன்றும் 'வெள்ளி' என்கிறோமே, ஏன்? ஒரு காலத்தில் அது நிஜமாகவே வெள்ளிக் காசாக இருந்தது. முன்பு மெக்சிகோ நாட்டு வெள்ளிக் காசுகள் இங்கே புழங்கின. 1903-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்றே தனி வெள்ளிக் காசு வந்தது. காசு போய்விட்டது, பெயர் நம் வாயில் நிற்கிறது.

ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டும் சில வீடுகளில் உண்டு. 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் அது செல்லாத காகிதமாயிற்று. உழைத்துச் சேர்த்ததெல்லாம் ஒரே நாளில் போனவர்கள் எத்தனையோ பேர். அந்த நோட்டை ஏன் எறியாமல் வைத்திருந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். நோட்டின் விலையைவிட அவர்கள் சொல்லும் பதில் பெரிது.

இனி, முக்கியமான சில செய்திகள்.

பழங்காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குப் புளி நல்லது, காசுக்கு ஆகாது. தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைச் சேகரிப்பவர்கள் விரும்புவதில்லை. விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

பழையது என்பதாலேயே விலை வந்துவிடாது. எத்தனை காசு அடித்தார்கள், இன்று எத்தனை மிஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே விலை. வாழைமர நோட்டை ஏராளமாக அச்சடித்ததால் சாதாரண நோட்டுக்குப் பெரிய தொகை கிடைப்பதில்லை. கிரிஸ் போட்ட 1 வெள்ளிக் காசு 2005 டிசம்பர் 7 முதல் செல்லாது. கடைக்காரர் வாங்க மாட்டார், ஆனால் பிள்ளையின் சேகரிப்புக்கு அது நல்ல தொடக்கம்.

விற்பதாக இருந்தால் முதலில் கேட்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். கண்காட்சியில் மூன்று நான்கு மேசைகளில் விசாரித்த பிறகு முடிவு செய்யுங்கள். 'உங்கள் பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்கள்' என்று கைப்பேசியில் செய்தி வந்தால் அது ஏமாற்று என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படிக் கட்டணமும் வரியும் கேட்டிருக்கிறார்கள். அந்த வங்கி 2021-இல் மக்களை எச்சரித்தது. வாங்குகிறவன்தான் பணம் தர வேண்டும். விற்கிறவனிடம் பணம் கேட்பது எந்த ஊர் வியாபாரம்?

இன்றிரவு டின்னைத் திறந்து காசுகளைப் பாயில் பரப்புங்கள். இது யார் கொண்டுவந்தது, எப்போது கிடைத்தது என்று பெரியவர்களைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதச் சொல்லிப் பிள்ளையிடம் பேனாவைக் கொடுங்கள். காசு இன்னும் நூறு வருஷம் இருக்கும். அதன் கதையைச் சொல்லத் தெரிந்தவர்கள் அவ்வளவு காலம் இருக்கப்போவதில்லை.